விழாதோர் வீடு

முதியோர் வீடுகளில் அரசு பதித்துக்கொடுத்த பேசும் அறிவுத்தரை, முதியவர் விழுந்ததும் ஆளனுப்பி அவரை விழாதோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே ஒருவரும் விழுவதில்லை. கட்டிலோடு கட்டிப்போட்டால் எப்படி விழுவார்கள்?

அதனால்தான் மனைவி செண்பகவடிவு அடுப்படியில் வழுக்கி விழுந்ததும் பிச்சையா தலையணையோடு ஓடினார்.

"விழுந்தவர் யார்?" என்றது தரை.

"யாரும் விழல. மத்தியானத் தூக்கம்." தலையணையை அவள் தலைக்குக் கீழே திணித்து, அவரும் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

"இடுப்பு போச்சே..."

"ஏட்டி, சத்தம் போடாத. தூக்கிட்டுப் போயிருவானுவ."

"விழாத தம்பதிக்கு அரசின் வாழ்த்துகள்," என்று சொல்லித் தரை விளக்கை அணைத்தது.

சற்று நேரத்தில் அவள் முனகலும் நின்றது. கையைத் தொட்டார்; சில்லிட்டிருந்தது.

"ஐயோ, விழுந்துட்டாய்யா! யாராச்சும் வாங்க!"

"தூக்கத்தில் உளறுவது இந்த வயதில் இயல்புதான், ஐயா. உறங்குங்கள்."