பில் கவுண்டரில் மட்டும் சிவப்பு

“மூணு நாளா இதே கூத்து! குடோன்ல பச்சை வருது, மாடியில பச்சை வருது, நான் பில்லு போடுற எடத்துல மட்டும் செவப்பு வருதுன்னா, நீ இன்னாதாம்மா கிழிச்சே?”

முதலாளி மாணிக்கவாசகம் போட்ட சத்தத்தில் பட்டுப்புடவைக் கடையே திரும்பிப் பார்த்தது. சிம்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். சிவப்புக் கட்டம். ‘சான்று செல்லாது’ என்றது. ஏன் செல்லாது என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு புடவை விற்றதும், குடோனில் இருக்கும் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு டிஜிட்டல் சான்று எழுதும். நெய்தவர் யார், சரிகை என்ன ரகம், எந்த நாள், எத்தனை மணிக்கு எழுதியது, எல்லாம் அதில் இருக்கும். பில் கவுண்டர் கம்ப்யூட்டர் அதை வாங்கி, நிஜமா என்று சோதித்து, வாங்கியவரின் போனுக்கு அனுப்பிவைக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்யும் மென்பொருளைத்தான் சிம்ரன் போட வந்திருந்தாள். குடோனில் லினக்ஸ், மாடியில் மேக், இங்கே விண்டோஸ். மூன்றிலும் போடும் முறை வேறு வேறு. மற்ற இரண்டும் முதல் நாளே ஓடிவிட்டன.

“நாலு தடவை அழிச்சிட்டுப் புதுசா போட்டுட்டேன் சார். நேத்து சாயங்காலம் பச்சை வந்துது. நீங்களே பாத்தீங்க.”

“வருது, போவுது, வருது. இது சாப்ட்வேரா, எங்க தெரு கரண்டா?”

புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த காந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிம்ரனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ‘இன்னிக்கு அவர் கையெழுத்து வாங்காம வந்தா, திங்கக்கிழமை நீ ஆபீசுக்கு வர வேணாம்’ என்று காலையில்தான் அவளுடைய மேனேஜர் போனில் கத்தியிருந்தார். ‘வேலை முடிந்தது’ என்று அச்சடித்த தாள் பையில் மூன்று நாளாகக் கசங்கிக்கொண்டிருந்தது.

திரையின் கீழ் மூலையில் காமாட்சி அம்மன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. “இதை எடுத்துட்டா முழுசாத் தெரியும் சார்.”

“கைய எடு! சாமி படத்துல கை வெக்கிற!”

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

கல்யாணப் புடவை எடுக்க வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, பில்லை மேலிருந்து கீழ்வரை படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்தாள். “சான்று போனுக்கு வரும்னீங்களே, ஒண்ணுத்தையும் காணோமே?”

“வரும்மா, வரும். இந்தப் பொண்ணு போட்ட லட்சணம்” என்று அவளை அனுப்பிவிட்டு, முதலாளி சிம்ரனிடம் திரும்பினார். “பாத்தியா? கடை மானம் போவுது! கெளம்பு. கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

“சும்மா கெளம்ப மாட்டேன் சார்! எப்பெப்போ செவப்பு வந்துதுன்னு எழுதி வெச்சிக்கினு இருக்கேன். பாருங்க.”

தாளை மேசைமேல் விசிறினாள். காந்தா எட்டிப் படித்தாள். “புதன், பன்னண்டுலேர்ந்து ஒன்றரை. வியாழன், ஒன்றரைலேர்ந்து மூணு. இன்னிக்கு வெள்ளி, பத்தரைலேர்ந்து...” காந்தாவின் கண் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்குப் போனது. “ஐயோ! எல்லாமே ராகுகாலம்மா!”

மாணிக்கவாசகம் மேசையை ஓங்கித் தட்டினார். “நான் சொல்லல? புதன்கிழமை வந்ததும் வராததுமா, சரியா பன்னண்டு மணிக்கு ஆரம்பிச்சா! நேரங்காலம் பாக்காம தொட்டா வெளங்குமா? தென்னேரிலேர்ந்து பஸ்ஸேறி வந்துட்டா ஆச்சா? உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது!”

சிம்ரனுக்குக் காது சுட்டது. “உங்க ஆளுங்கன்னா யாரு சார்?” என்று எழுந்துவிட்டாள். அவர் காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் மறுபடியும் தாளைப் பார்த்தாள். மூன்று நாள், ஒரு நிமிடம் பிசகாமல் ராகுகாலம். லினக்ஸுக்கு இல்லாத ராகுகாலம், மேக்குக்கு இல்லாத ராகுகாலம், முதலாளி உட்காரும் இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? எந்த மிஷினுக்கும் தானாகத் தெரியாது. யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

சட்டென்று குனிந்து, நகத்தால் ஸ்டிக்கரை உரித்தாள்.

“ஏய், ஏய்!” என்று பாய்ந்து வந்தார் முதலாளி.

அதற்குள் அம்மனுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மணி வெளியே வந்துவிட்டது: 9.50. சிம்ரன் தன் போனை அதன் பக்கத்தில் வைத்தாள்: 11.20.

“குடோன்ல பதினொண்ணே காலுக்கு எழுதுன சான்றை, இன்னும் பத்து மணியே ஆவாத கம்ப்யூட்டர் எப்படி சார் ஒத்துக்கும்? நாளைக்குத் தேதி போட்ட செக்கை பேங்க்ல இன்னிக்கு வாங்குவானா?”

மாணிக்கவாசகத்தின் குரல் முதல்முறையாக இறங்கியது. “பில்லுல ராகுகாலத்து மணி இருந்தா, கல்யாண வூட்டுக்காரங்க பொடவைய வெச்சிட்டுப் போயிடுவாங்கம்மா. அதான் டெய்லி ராகுகாலம் ஆரம்பிச்சதும் ஒன்றரை மணி நேரம் பின்னாடி தள்ளிடுவேன். முடிஞ்சதும் சரி பண்ணிடுவேன்.”

சிம்ரன் கம்ப்யூட்டரின் மணியைச் சரியாக வைத்தாள். பில்லிலும், போனுக்குப் போகும் சான்றிலும் மணி தெரியாமல் தேதி மட்டும் வரும்படி மாற்றினாள். பச்சை வந்ததும், பையில் கசங்கிக் கிடந்த தாளை அவர்முன் நீட்டினாள்.