கெண்டையின் முட்டைகள்

ஓடைக்கரை நாணலின் வேரடியில் ஒரு கெண்டை மீன் முட்டையிட்டிருந்தது. வானம் இருண்டதும் அது பதறிப்போய், கரைமேல் புதிதாகக் கட்டிய மழைநீர்த் தொட்டியிடம் கேட்டது: "மழை பெஞ்சா ரோட்டுல இருந்து ஓடைக்குப் பாயுற தண்ணி மொத்தத்தையும் தாங்கிடுவியா?"

"கழுத்து வரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல வழிஞ்சிடும்," என்றது தொட்டி.

கெண்டை நாணலைப் பார்த்தது.

"தொட்டி கட்டும்போது என்னைப் பாதி வெட்டிட்டாங்க," என்றது நாணல். "தண்ணி மெதுவா வந்தா சேற்றைத் தடுத்திடுவேன். வேகமா வந்தா வேரோட நானே போயிடுவேன்."

மழை கொட்டியது. வெள்ளத்தின் வேகத்தைத் தொட்டி அடக்கிப் பிடித்தது. நிரம்பி வழிந்ததை நாணல் வளைந்து வளைந்து வடிகட்டியது. ஓடை கலங்கினாலும் முட்டைகள் சேறு படியாமல் தப்பின.

கெண்டை மூச்சு விடுவதற்குள் தூரத்தில் இடி இடித்தது.

"ஐயோ, நான் இன்னும் காலியாகலையே!" என்றது தொட்டி.