புது பெல்ட் வந்த நாள்

மரக்கிளை வெட்டும் ஞானதுரை தினமும் ஏறுவதற்கு முன் தன் கயிற்றை முழு நீளத்துக்கும் உள்ளங்கையில் உருவிப் பார்ப்பான். போன வாரம் அவன் கவனிக்காதபோது ரம்பம் தவறிப் பட்டு, கயிற்றில் பாதி இழை அறுந்துபோனது. இதற்கு முன்பு இருந்த கயிறு இப்போது அவன் வீட்டில் துணி காயப்போடும் கொடி. அந்தக் கதி தனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில், அவன் கை வரும்போதெல்லாம் கயிறு காயத்தை முறுக்குக்குள் ஒளித்துக்கொண்டது.

மிச்ச இழைகளும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தன. இனியும் மறைத்தால் ஆள் போய்விடுவான் என்று கயிற்றுக்குப் பட்டது. இன்று காட்டிவிடலாம் என்று பிசிறை வெளியே தள்ளிக் காத்திருந்தது.

அன்றைக்கென்று பார்த்து அவன் புது இடுப்பு பெல்ட் வாங்கி வந்திருந்தான். கொக்கியை நாலு தடவை மாட்டிக் கழற்றினான். “இனி பயமில்லை” என்று பெல்ட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கயிற்றை உருவிப் பார்க்காமலே ஏறினான்.

நாற்பதடி உயரத்தில், கயிற்றில் மாட்டிய பெல்ட்டில் முழு எடையையும் போட்டுப் பின்னால் சாய்ந்தான்.

“ஏண்ணே நடுங்குறீங்க?” என்று கேட்டது பெல்ட்.

“காத்துப்பா” என்றது கயிறு.

தூரத்தில், வீட்டுக் கொடியில் ஞானதுரையின் சட்டை அசையாமல் தொங்கியது.