ஜமீனின் வெள்ளை ஈறு

ஆதிமூலம் வீட்டுப் பூனை மிளகுக்கு வயிற்றில் புழு இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரையை விழுங்கிவிட்டு வீடு திரும்பிய மிளகைப் பார்த்து, வாசலில் கிடந்த ராஜபாளையம் நாய் ஜமீன் மூக்கைச் சுளித்தது.

“தள்ளிப் படுடி. கண்டதையும் தின்னா புழு வராம என்ன வரும்?”

“உனக்கும்தான் சோதனை பண்ணச் சொன்னாங்க. நீ வெளிக்குப் போனதை எடுக்க ஐயா டப்பாவோட வந்தா உறுமி விரட்டுறியே, ஏன்?”

“நான் போனதைக் கண்ணாடியில வச்சு எவனோ உத்துப் பாக்கிறதா? போடி!”

அது வாயைத் திறந்தபோது மிளகு கவனித்தது. ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது.

“ஈறெல்லாம் வெளுத்துக் கிடக்கு ஜமீன். உள்ள புழு உக்காந்து ரத்தம் குடிக்குது.”

“எங்க வம்சமே வெள்ளைதான். உனக்கெங்க தெரியப்போகுது?”

அடுத்த வாரம் ஜமீனின் விலா எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன. வேட்டை நாய்க்கு உடம்பு அப்படித்தான் இருக்குமாம். பிறகு படுத்தபடியே குரைக்கத் தொடங்கியது. தபால்காரருக்கெல்லாம் எழுந்து நிற்கும் வழக்கம் தங்கள் குடும்பத்தில் இல்லை என்றது. மிளகுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

ஒருநாள் காலையில் ஜமீனால் தலையை மட்டும்தான் தூக்க முடிந்தது. ஆதிமூலம் பதறிப்போய் அதைப் போர்வையில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினார்.

படியோரம் நின்ற மிளகை ஜமீன் தோள்மேலிருந்து இளக்காரமாகப் பார்த்தது.

“பாத்தியாடி? எங்களையெல்லாம் நடக்க விடமாட்டாங்க.”