அடித்தண்ணீரின் வயிற்றெரிச்சல்

“ஒரே குடத்துத் தண்ணியில இப்படி ஓரவஞ்சனை பண்ணிட்டியே, நீ நல்லாருப்பியா?” என்று தன்னை ஊற்றிய ஆளைத் திட்டியது இட்லிப் பானையின் அடியில் கிடந்த தண்ணீர். கூடப் பிறந்த ஒரு செம்புத் தண்ணீர் மாவோடு கலந்து, மேல்தட்டில் இட்லியாக உப்பிக்கொண்டிருந்தது. அதைத்தான் அடித்தண்ணீரால் தாங்கவே முடியவில்லை.

“கத்தாதண்ணே, இதுக்குப் பேருதான் அவிக்கிறது. நீ கீழயே கொதிக்கணும், ஆவி மட்டும் மேல வரணும். நீயே வந்து தொட்டா நான் கஞ்சிதான்” என்றது இட்லி.

“ஓகோ! தொரை இலைக்குப் போவீங்க, நான் சாக்கடைக்குப் போகணுமா?”

ஆத்திரத்தில் அது தளதளவென்று குதித்துக் கொதித்தது. ஆவி குபுகுபுவென்று ஏறியது. இட்லி பூவாய் மலர்ந்தது.

மூடி திறந்தது. தட்டு மட்டும் வெளியே போனது.

“யோவ், அடுத்த ஈடுக்காவது என்னை மொண்டு மாவுல ஊத்துய்யா!”