கரடி கேட்ட பனி

மலைநாட்டுக்கும் கடல்நாட்டுக்கும் உறவு கூடியது. நட்பின் அடையாளமாக மலைநாட்டிலிருந்து ஒரு கரடி கடல்நாட்டுக்கு வந்தது. இங்கிருந்து ஒரு யானை அங்கே போனது. தூதர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கரடி கடல்நாட்டுப் பூங்காவில் வெயில் தாங்காமல் மூச்சிரைத்துக் கிடந்தது.

குளிர்காலத்தில் மலையிலிருந்து அந்தப் பூங்காக் குளத்துக்கு வரும் வாத்து ஒன்று பேரத்தில் கெட்டி, கோபத்தில் அதைவிடக் கெட்டி.

"வாத்தக்கா, அடுத்த தடவை வரும்போது எனக்கு ஒரு வாய் பனி கொண்டு வர்றியா?" என்று கரடி கேட்டது.

"கூலி?"

"ஒரு மீன்."

"எத்தனை மலை தாண்டணும் தெரியுமாய்யா? ரெண்டு மீன், தினமும், குளிர் முடியிற வரைக்கும்."

கரடி பேரம் பேசாமல் தலையாட்டியது.

மறுவருஷம் வாத்து பனியைச் சிறகுக்குள் பொத்திக்கொண்டு, எந்த ஏரியிலும் இறங்காமல் பறந்து வந்தது. கரடியின் முன்னால் சிறகை விரித்தால் வெறும் ஈரம்.

"இந்த ஊர் வெயில் நாசமாப் போக!" என்று வாத்து கத்தியது. "உருகாத சாமானாக் கேட்டிருக்கக் கூடாதா? அங்கே அந்த யானை ஒரு வாய் செம்மண் கேட்டுச்சு. கொண்டுபோய்க் கொடுத்தேன், கணக்கு முடிஞ்சுது!"

கரடி ஈரச் சிறகில் மூக்கை வைத்து வெகுநேரம் மோந்தது. பிறகு அன்றைய மீன் இரண்டையும் வாத்தின் பக்கம் நகர்த்தியது.

"எதுக்கு? சரக்குதான் வந்து சேரலையே."

"பேசாதே அக்கா," என்றது கரடி. "காயறதுக்குள்ளே அந்தப் பக்கச் சிறகையும் காட்டு."