ஆக்லாந்துக்குப் போகும் பாதை

“அழிக்கிறதுன்னா அடியோட அழிக்கணும்!” ரவீனேஷ் மேசையில் ஓங்கிக் குத்தினான்.

அந்தத் தீவு நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்த கையோடு நசினு நகரக் கடைத்தெருவும் எரிந்துகொண்டிருந்த இரண்டாயிரமாம் ஆண்டு அது. வேறு யார் காதிலாவது விழுந்திருந்தால் வம்புதான். அவன் சொன்னதோ, அவனும் மனைவி உர்மிளாவும் சேர்ந்து உருவாக்கும் புரோகிராமிங் மொழியைப் பற்றி.

அந்த மொழியில் ஃபைலுக்கு உண்டான பாதையைச் சொன்னால் போதும். ஃபைல் இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தாலும், போன் லைன் வழியாக எட்டுகிற, கடல் கடந்த ஆக்லாந்துக் கம்ப்யூட்டரில் இருந்தாலும் திறந்து காட்டிவிடும். அழிக்கச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை.

“பாதை முடியற இடத்துக்கே போய் ஃபைலை அழிக்கணும்.”

“இல்லைங்க, இப்ப இருக்கற மாதிரியே இங்கேருந்து போற பாதையை மட்டும்தான் அறுக்கணும். கை தவறினா அங்கே இருக்கறதும் சேர்ந்து போயிடுமே!”

“நான் சொல்றபடி இப்பவே மாத்து.”

“சரி, உங்க இஷ்டம்.” உர்மிளா கீபோர்டைத் தட்டினாள். அவள் இவ்வளவு லேசில் இறங்கி வந்தது அதிசயம்தான். அதிசயப்பட அவனுக்கு நேரமில்லை. கதவு பிளந்து விழுந்தது.

முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் கரும்பு வெட்டும் கத்தியோடு நின்றார்கள்.

“அப்பல்சாமி கடை வாசல்ல நீ எடுத்த போட்டோ எங்கேடா?”

அப்பல்சாமி உர்மிளாவின் அண்ணன். போன வாரம் அவரைக் கடை வாசலிலேயே வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டியவர்கள் முகம் தெரிகிற அந்தப் படங்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

“எனக்குத் தெரியாது” என்றான் ரவீனேஷ். கத்திப்பிடி வாயில் இறங்கியது, பல் தெறித்தது. அடுத்த அடியில் இடது கை விரல்கள் ஒடிந்தன. பிறகு கத்தி உர்மிளாவின் கழுத்துக்குப் போனது. பாவம், மனிதன் உடைந்துபோனான்.

“ஆக்லாந்துல... தம்பி ஷாலேந்திராவோட கம்ப்யூட்டர்ல இருக்கு. இங்கே காப்பி இல்லை.”

“இங்கேருந்தே அழி.”

“வேணாங்க! எங்க அண்ணனுக்கு வேற நாதி இல்லைங்க!” உர்மிளா அலறினாள். கன்னத்தில் விழுந்த அறையில் சுருண்டு விழுந்தாள்.

ரத்தம் சொட்டச் சொட்ட, ஒடியாத கையால் ரவீனேஷ் தங்கள் மொழியில் அழிக்கும் கட்டளையை அடித்தான். மறுபடி தேடிக் காட்டச் சொன்னார்கள். ‘அப்படி எதுவும் இல்லை’ என்றது திரை. போகிற போக்கில் கம்ப்யூட்டரையும் வெட்டிப் பிளந்துவிட்டுப் போனார்கள்.

ரவீனேஷ் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். “மச்சானை இன்னொரு தடவை நானே கொன்னுட்டேன், உர்மிளா!”

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி மெல்லச் சொன்னாள்.

“நீங்க சொன்ன மாதிரி நான் மாத்தவே இல்லைங்க.”